'தான்' எங்கிருந்து வந்தது?

பிளஸ் டூ படித்தபோது மாவட்ட அளவில் நடந்த ஒரு பேச்சுப் போட்டியில் எனக்கு முதல் பரிசு கிடைத்தது. 2008-ஆம் ஆண்டு. தலைப்பு நாட்டுப்பற்று. குரலை உயர்த்தி நான் முடித்த வரி இது: "உலகிலேயே சிறந்த தேசிய கீதம் நம்முடையது என்று யுனெஸ்கோவே அறிவித்துவிட்டது!" அரங்கம் கைதட்டியது. நடுவர்கள் மூன்று பேரும் மெச்சித் தலையாட்டினார்கள். அந்தத் தகவல் அண்ணனுடைய செல்போனுக்கு வந்த ஒரு எஸ்எம்எஸ்ஸில் இருந்தது. யுனெஸ்கோ அப்படி ஒரு தேர்வை நடத்தியதே இல்லை என்பது கல்லூரிக்குப் போன பிறகு தெரிந்தது.

அந்தக் கேடயம் இன்னும் வீட்டு அலமாரியில் இருக்கிறது. பன்னிரண்டு வருடம் படித்து, பத்துப் பதினைந்து மேடை ஏறி, கட்டுரைப் போட்டிகளில் பெயர் வாங்கிய எனக்கு, ஒரு தகவலைச் சொல்வதற்கு முன் "இது உண்மையா?" என்று கேட்டுக்கொள்ளத் தோன்றியதே இல்லை. யாரும் அதைக் கற்றுத் தரவில்லை. மேற்கோள் இருக்கிறதா, எதுகை மோனை இருக்கிறதா, முன்னுரை, முடிவுரை இருக்கிறதா, துணைத்தலைப்புக்கு அடிக்கோடு போட்டிருக்கிறதா, இவ்வளவுக்கும் மதிப்பெண் உண்டு. சொன்னது நிற்குமா என்பதற்கு மதிப்பெண் கிடையாது. இன்றைக்கும் பெரும்பாலான பள்ளிப் போட்டிகளில் இதே நிலைமைதான் என்று பார்க்கும்போது மனசு வலிக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கல்லூரியில் நான் எடுத்தது பி.ஏ. வரலாறு. முதல் இரண்டு வருடம் பகுதி ஒன்றில் தமிழ் உண்டு. அந்தப் பாடம் எடுத்தவரை நாங்கள் தமிழம்மா என்று கூப்பிடுவோம். சிவப்புப் பேனாவால் அவர் எங்கள் தாளைத் தொட்டதே இல்லை. பென்சிலால் திருத்துவார். "நான் கேள்வி கேக்குறேன். நீ பதில் சொல்லிட்டா அழிச்சிடலாம்" என்பார்.

முதல் பருவத்தில் அவர் கொடுத்த வேலை கேட்க எளிதாக இருந்தது. நீங்கள் உண்மை என்று நம்பும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அதை நம்பாத ஒருவர் ஒப்புக்கொள்ளும்படி இரண்டு பக்கம் எழுதுங்கள். நான் நான்கு பக்கம் எழுதினேன். மதிய உணவுத் திட்டம் பற்றி. அதன் முதல் வாக்கியம் எனக்கு இன்னும் மனப்பாடம்: "கர்மவீரர் காமராசர் கொண்டுவந்த மதிய உணவுத் திட்டத்தால்தான் தமிழ்நாட்டில் எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வந்தார்கள்."

தாள் திரும்பி வந்தபோது அந்த ஒரு வாக்கியத்தில் மூன்று இடத்தில் பென்சில் வட்டம். 'கொண்டுவந்த', 'தான்', 'எல்லா'. ஓரத்தில் மூன்று கேள்விகள். "முதன்முதலில் அவரா?" "'தான்' எங்கிருந்து வந்தது?" "எல்லா என்றால் எத்தனை?" மீதி மூன்றே முக்கால் பக்கத்தில் ஒரு குறிகூட இல்லை. முதல் வாக்கியம் நிற்கவில்லை என்றால் மற்றதைப் படிக்க என்ன இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. எனக்கே புரிந்தது.

முதல் வட்டத்துக்கு நூலகத்தில் ஒரு மத்தியானம் போதுமானதாக இருந்தது. 1920-லேயே சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடத் தொடங்கியிருக்கிறது. காமராசர் ஆட்சியில் 1956-இல் அது மாநிலத்துக்கே விரிந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெரிதாக்கினார். ஆக, 'கொண்டுவந்த' என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று காலத்தை நான் அமுக்கி வைத்திருந்தேன். 'மாநிலம் முழுக்க விரித்த' என்று மாற்றினேன். காமராசர் மேல் எனக்கிருந்த மரியாதை அதனால் ஒரு துளியும் குறையவில்லை. அவர் செய்தது எது என்பது இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

இரண்டாவது வட்டம் என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. தமிழில் 'தான்' என்பது எவ்வளவு சின்னச் சொல்! ஆனால் அதை ஒட்டிவிட்டால் மற்ற எல்லாக் காரணங்களையும் கதவுக்கு வெளியே தள்ளிவிட்டோம் என்று பொருள். அந்த வருடங்களில் நடந்தது சாப்பாடு மட்டுமா? நெ. து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்த காலம் அது. பள்ளி இல்லாத ஊர்களில் பள்ளிகள் திறந்தார்கள். பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தி ஊர்க்காரர்களிடமே மேசை, நாற்காலி, கரும்பலகை வாங்கினார்கள். சீருடை வந்தது. இத்தனையும் சேர்ந்து நடந்திருக்கும்போது, ஒன்றைப் பிடித்து இதனால்தான் என்று நான் எப்படிச் சொன்னேன்?

அந்த வாரம் வீட்டில் அப்பாயியிடம் கேட்டேன். அப்பாயி மூன்றாம் வகுப்போடு நின்றவர். அவருடைய கடைசித் தம்பி எட்டாவது வரை படித்தார். பத்து வயது வித்தியாசம் இருவருக்கும். அப்பாயி திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஏன் அப்பாயி, சின்னத் தாத்தா மட்டும் படிச்சாரு? பள்ளிக்கூடத்துல சோறு போட்டதாலயா?"

"சோத்துக்கா? பள்ளிக்கூடம் ஊருக்குள்ள வந்துச்சுல்ல. எங் காலத்துல வெள்ளாத்தத் தாண்டிப் போவணும். ஐப்பசி கார்த்தியில ஆத்துல தண்ணி வந்தா பொட்டப்புள்ளய யாரு அனுப்புவா?"

நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். தூரம்தான் காரணம், சோறு இல்லை என்று முடிவு கட்டப் போனேன். கீரைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே அப்பாயி இன்னொன்று சொன்னார்.

"ஆனா சோறு போட்டதால மத்தியானமும் அங்கயே இருந்தான். இல்லாட்டி வூட்டுக்கு வந்தவன் ஆட்ட ஓட்டிக்கிட்டுப் போயிருப்பான். எல்லாப் பயலுவளும் அப்பிடித்தான போனானுவ."

அந்தத் திண்ணையில் எனக்கு விளங்கியது, அடுத்த மூன்று வருடப் படிப்புக்கும் அடித்தளமாக இருந்தது. நான் ஒரே கேள்வி என்று நினைத்தது இரண்டு கேள்வி. பிள்ளைகள் பள்ளியில் ஏன் சேர்ந்தார்கள் என்பது ஒன்று. சேர்ந்தவர்கள் ஏன் நின்றுவிடாமல் இருந்தார்கள் என்பது இன்னொன்று. முதலாவதற்குத் தூரமும் இரண்டாவதற்குச் சோறும் காரணமாக இருக்கலாம். 'பள்ளிக்கு வந்தார்கள்' என்று மொத்தமாகச் சொன்னதால் இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிட்டன.

திருத்தி எழுதிக் கொண்டுபோனேன். "பள்ளி ஊருக்குள் வந்ததால் பிள்ளைகள் சேர்ந்தார்கள், மதிய உணவு, சேர்ந்தவர்களை மத்தியானத்துக்குப் பிறகும் பள்ளியில் இருக்கவைத்தது." தமிழம்மா படித்துவிட்டு நிமிர்ந்தார். "இப்ப இது ஒரு கூற்று. இதோட ஒருத்தர் சண்டை போடலாம்" என்றார். உடனே அடுத்த கேள்வி. "உங்க அப்பாயி ஒருத்தங்க சொன்னத வச்சுத் தமிழ்நாட்டப் பத்தி எழுதலாமா?"

எழுதக்கூடாது. ஆனால் அப்பாயி சொன்னது வீணும் இல்லை. ஒரே ஒரு ஆளின் அனுபவத்தை வைத்து 'எல்லோரும் இப்படி' என்று நிறுவ முடியாது. ஆனால் 'எல்லோரும் இப்படி' என்று வேறு யாராவது சொன்னால் அதை உடைக்க அந்த ஒரு ஆள் போதும். நிறுவுவதற்கும் உடைப்பதற்கும் வேண்டிய சான்றின் அளவு ஒன்றல்ல. இதைப் புரிந்துகொண்ட பிறகு ஊரில் இன்னும் ஏழு பெரியவர்களிடம் கேட்டேன். ஐந்து பேர் தூரத்தைச் சொன்னார்கள். ஒருவர், அப்பா இறந்துபோனதால் வேலைக்குப் போனேன் என்றார். ஒருவர், வாத்தியார் அடிப்பார் என்று பயந்து போகவில்லை என்றார். 'தமிழ்நாட்டில்' என்பதை அடித்துவிட்டு 'எங்கள் ஊரில்' என்று எழுதினேன். கட்டுரை சிறியதாகிவிட்டது. ஆனால் அதில் ஒரு வரியையும் யாரும் அசைக்க முடியாது என்று தோன்றியது. மேடையில் வாங்கிய கைதட்டலில் அந்த நிறைவு இருந்ததில்லை.

அப்போது தொடங்கிய ஒரு பழக்கத்தை இன்னும் விடவில்லை. எதை எழுதுவதாக இருந்தாலும் முதலில் நோட்டில் நெடுக்குக் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்வேன். கண்டது, கேட்டது, நினைத்தது. நானே பார்த்ததும், எண்ணியதும், ஆவணத்தில் நேரடியாகப் படித்ததும் முதல் பத்தியில். மற்றவர் சொன்னது, யார் எப்போது சொன்னார் என்பதோடு இரண்டாவதில். நான் ஊகித்தது மூன்றாவதில். பள்ளி நாட்களில் எழுதிய கட்டுரை ஒன்றை எடுத்து இப்படிப் பிரித்துப் பார்த்தேன். முதல் பத்தி காலியாக இருந்தது. மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் பழைய கட்டுரை ஒன்றை எடுத்து இதை ஒருமுறை செய்து பாருங்கள். அரை மணி நேரம் போதும்.

இன்னொன்றும் செய்யலாம். எழுதி முடித்ததும் தான், மட்டுமே, எல்லா, எப்போதும், ஒருபோதும், யாருமே ஆகிய சொற்களைத் தேடி வட்டம் போடுங்கள். ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டு வாக்கியத்தைப் படியுங்கள். எடுத்த பிறகும் சொல்ல வந்தது நிற்கிறது என்றால் அந்தச் சொல் வேண்டாம். நிற்கவில்லை என்றால் அந்தச் சொல்லுக்குத் தனியாகச் சான்று வேண்டும். நான் மேலே எழுதியதிலேயே சில 'தான்' இருக்கின்றன. ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் விட்டிருக்கிறேன்.

மூன்றாவது பருவத்தில் தமிழம்மா நன்னூல் பாயிரத்தை எடுத்துக்கொண்டு வந்தார். பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய இலக்கண நூல். எழுத்து, சொல் இலக்கணத்துக்கு முன்னால் வரும் பாயிரத்தில், நூல் எழுதுகிறவருக்கு இருக்கக்கூடிய எழுவகை மதம் என்று ஒரு பட்டியல் உண்டு. மதம் என்றால் இங்கே கொள்கை, நிலைப்பாடு. பிறர் சொன்னதற்கு உடன்படுவது, மறுப்பது என்று தொடங்கும் அந்த ஏழில் மூன்றாவதை அவர் கரும்பலகையில் பெரிதாக எழுதினார். 'பிறர்தம் மதமேற் கொண்டு களைவு.' எதிராளியின் கொள்கையை முதலில் தன் கொள்கைபோல ஏற்றுச் சொல்லி, அப்புறம் அதை நீக்குவது. "மொதல்ல மேற்கொள்ளணும். அத விட்டுட்டு எல்லாரும் நேராக் களைவுக்குப் போயிடுறீங்க" என்றார்.

அதற்கு ஒரு பயிற்சி வைத்தார். வகுப்பில் உங்களுக்கு நேர் எதிர்க் கருத்து உள்ள ஒருவரைப் பிடியுங்கள். அவருடைய வாதத்தை நீங்கள் எழுதுங்கள். அவர் படித்துவிட்டு, "ஆமா, நான் சொல்ல வந்தது இதுதான், நான்கூட இவ்வளவு நல்லாச் சொல்லியிருக்க மாட்டேன்" என்று கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகே மறுப்பு.

எனக்கு வாய்த்தவள் என் பக்கத்து இருக்கைத் தோழி. கல்லூரியிலும் தமிழ்வழிக் கல்வி வேண்டும் என்பது என் கட்சி. ஆங்கிலவழி வேண்டும் என்பது அவள் கட்சி. முதல் முறை அவள் வாதம் என்று நான் எழுதியது: "ஆங்கிலம் பேசினால் கௌரவம் என்று நினைப்பதால்..." அவள் இரண்டு வரி படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள். கோபம் இல்லை, வருத்தம்தான். "எங்க அப்பா ஓட்டல்ல சப்ளையரா இருக்காரு. பதினெட்டு வருசமா. இங்கிலீஷ் பேசுற பசங்க வந்து ஆறு மாசத்துல ரிசப்ஷனுக்குப் போயிடுறாங்கன்னு பாத்துப் பாத்து வளந்தவ நான். கௌரவத்துக்காவா கேக்குறேன்?"

நான் அன்றைக்குத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். ஒரு வருடமாகத் தினமும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவளின் காரணத்தை நான் ஒருமுறைகூடக் கேட்டிருக்கவில்லை. அவள் வாயில் எனக்கு வசதியான ஒரு காரணத்தை வைத்து, அதை அடித்து வீழ்த்திக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது முறை கையெழுத்துக் கிடைத்தது. அதற்குப் பிறகு என் மறுப்பை எழுத உட்கார்ந்தால் என்னுடைய பழைய ஆயுதங்கள் பாதி உதவவில்லை. அரசு வேலையில் தமிழ்வழிப் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்திருந்தது. அதைப் பெரிய சான்றாக வைத்தேன். "அது மாநில அரசு வேலைக்கு. ஓட்டல் ரிசப்ஷனுக்கு?" என்றாள். தாய்மொழியில் கற்பிப்பதே நல்லது என்று யுனெஸ்கோ 1953-இலேயே சொன்னது என்றேன். இந்த முறை எஸ்எம்எஸ்ஸை நம்பிச் சொல்லவில்லை. பள்ளிகளில் தாய்மொழி பற்றிய அதன் அறிக்கை குறித்துப் படித்திருந்தேன். அவள் கேட்டாள், "அது பள்ளிக்கூடம் சேர்ற சின்னப் பிள்ளையப் பத்தியா, நம்மளப் பத்தியா?" சின்னப் பிள்ளைகளைப் பற்றித்தான் முக்கியமாகப் பேசுகிறது. நாங்கள் இருவரும் வாதாடிக்கொண்டிருந்தது கல்லூரிப் படிப்பைப் பற்றி. சான்று உண்மையாக இருந்தால் மட்டும் போதாது. நாம் சொல்லும் கூற்றோடு அது பொருந்தவும் வேண்டும். உண்மையான சான்றைத் தவறான இடத்தில் வைத்தாலும் வாதம் விழுந்துவிடும்.

கடைசியில் நான் எழுதியது, தொடக்கப் பள்ளியில் தமிழ்வழியும், ஆங்கிலத்தை ஒரு மொழியாக இப்போதைவிடப் பல மடங்கு நன்றாகக் கற்பிப்பதும் வேண்டும் என்பது. அவள் முழுதாக ஏற்கவில்லை. "இங்கிலீஷ நல்லாச் சொல்லித் தரேன்னு இருவது வருசமாச் சொல்றாங்க. எந்த கவர்மெண்ட் ஸ்கூல்ல நடக்குது, காட்டு" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இல்லை என்று கட்டுரையிலேயே எழுதினேன். தமிழம்மா அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு டிக் போட்டிருந்தார். அவர் டிக் போட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நன்னூல் பாயிரத்தில் பத்துக் குற்றம் என்றும் ஒரு பட்டியல் இருக்கிறது. மனப்பாடச் செய்யுளாக மட்டும் பார்த்தால் தேர்வோடு போய்விடும். எழுதியதைச் சோதிக்கும் பட்டியலாக வைத்துக்கொண்டால் வாழ்நாள் முழுக்க உதவும். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என்று போகும். என்னுடைய நிரந்தர நோய்கள் இரண்டு. ஒன்று மற்றொன்று விரித்தல்: சொல்ல வந்ததை விட்டுப் பக்கத்துச் சந்தில் புகுந்துவிடுவது. இன்னொன்று சென்றுதேய்ந்து இறுதல்: கம்பீரமாகத் தொடங்கி, போகப் போக இளைத்து, கடைசிப் பத்தியில் மூச்சை விட்டுவிடுவது. முதல் பக்கத்துக்கு மூன்று நாள், கடைசிப் பக்கத்துக்கு இருபது நிமிடம் என்று எழுதினால் வேறு எப்படி இருக்கும்? அதனால் இப்போது என்னுடைய வலுவான காரணத்தைப் பாதிக்கு மேல் வைத்து, அந்தப் பகுதியை முதலில் எழுதிவிடுகிறேன்.

அதே பட்டியலில் வெற்றெனத் தொடுத்தல் என்று ஒன்று உண்டு: பொருளில்லாமல் வெறும் சொற்களை அடுக்குவது. அதற்கு எங்கள் அம்மா வைத்த சோதனை சிறந்தது. அம்மா அதிகம் படித்தவர் இல்லை. நான் எழுதியதைச் சமையலறையில் நின்று வாசித்துக் காட்டுவேன். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் தாளிப்புக் கரண்டியைத் திருப்பிக்கொண்டே, "சரி, அதுக்கென்ன இப்ப?" என்று கேட்பார். என்னால் ஒரு வரியில் பதில் சொல்ல முடிந்தால், அந்த வரி பத்தியில் இல்லாமல் என் மனசுக்குள்ளேயே இருந்திருக்கிறது என்று பொருள். அதைச் சேர்ப்பேன். பதில் சொல்ல முடியாவிட்டால் பத்தியை அடித்துவிடுவேன்.

இதெல்லாம் தாளில் நடந்த பயிற்சி. வெளியே வேலைக்கு ஆகுமா என்பது இரண்டாம் வருடத்தில் தெரிந்தது.

எங்கள் ஊர் நிறுத்தத்துக்கு டவுன் பஸ் 8.50-க்கு வரும். டவுனுக்குப் போய்ச் சேர 9.40. கல்லூரி 9.30-க்கு. அதற்கு முந்தைய பஸ் 6.40-க்கு. ஆகவே சுற்றுவட்டாரத்தில் நான்கு நிறுத்தங்களில் ஏறும் எல்லோருக்கும் தினமும் முதல் வகுப்பில் பதினைந்து நிமிடம் போய்விடும். உள்மதிப்பீட்டில் வருகைக்கும் மதிப்பெண் உண்டு. கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளில் ஒரு மனு கொடுத்தோம். நான் எழுதியது. "கல்வி எனும் ஒளிவிளக்கை ஏந்திவரும் கிராமத்து மாணவிகளின் கண்ணீரைத் துடைத்திட" என்று தொடங்கும். ரசீது கொடுத்தார்கள். இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை.

தமிழம்மாவிடம் மனுவின் நகலைக் காட்டினேன். அவர் மூன்று கேள்வி கேட்டார். நேரத்தை மாற்றும் பேனா யார் கையில் இருக்கிறது? மாற்றினால் அவருக்கு என்ன தொல்லை வரும்? நீங்கள் கேட்பதை ஒரே வரியில் சொல்ல முடியுமா? மூன்றுக்கும் எங்களிடம் பதில் இல்லை.

பேனா டிப்போவின் கிளை மேலாளர் கையில் இருப்பதாக நடத்துநர் அண்ணன் சொன்னார். சரி, அரை மணி நேரம் முன்னால் கேட்போம் என்று முடிவு செய்தோம். அதற்கு முன் பஸ் புறப்படும் கடைசி ஊருக்குப் போய்ப் பார்த்துவிடலாம் என்று தோழிதான் சொன்னாள். எதிர்த் தரப்பைக் கேட்காமல் எழுதக்கூடாது என்று என்னைவிட அவளுக்கு நன்றாகப் பதிந்திருந்தது.

போனது நல்லதாயிற்று. அங்கே சித்தாள் வேலைக்குப் போகும் பெண்கள் இருபது பேர் அந்த பஸ்ஸைத்தான் நம்பியிருந்தார்கள். காலையில் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு ஏறுவார்கள். "எட்டே காலுக்குத்தான் பால் ஊத்தி முடியும் பாப்பா. அரமணி முன்னாடி எடுத்தா நாங்க எப்பிடிப் போறது?" என்றார் ஓர் அக்கா. பஸ் அங்கிருந்து புறப்படுவது 8.35. நாங்கள் கேட்க இருந்த அரை மணி நேரம் அவர்களுடைய அன்றாடக் கூலியை அடித்திருக்கும். நாங்கள் அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

அங்கேயே நின்று பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. டவுனிலிருந்து வரும் அந்த பஸ் 8.15-க்கே வந்துவிடுகிறது. இருபது நிமிடம் சும்மா நிற்கிறது. அந்த நேரத்தில் ஓட்டுநரும் நடத்துநரும் டிபன் சாப்பிடுகிறார்கள். 8.20-க்கு எடுத்தால் பால் ஊற்றும் பெண்களும் ஏறலாம், எங்கள் நிறுத்தத்துக்கு 8.35, டவுனுக்கு 9.25. கல்லூரிக்கு ஐந்து நிமிட நடை. நடத்துநர் அண்ணனிடம் சொன்னோம். "அப்ப நாங்க எங்கம்மா சாப்பிடுறது?" என்றார். நியாயமான கேள்வி. டவுனுக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் போய்விடுவதால், அங்கே அடுத்த டிரிப்புக்கு முன் அதே பதினைந்து நிமிடம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினோம். யோசித்துவிட்டு, "அங்க கடையும் நல்லாருக்கும்" என்றார்.

இரண்டு வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை பத்து நாள், நான்கு நிறுத்தங்களிலும் ஏறும் மாணவர்களை எண்ணினோம். ஒரு நாளும் 31-க்குக் குறையவில்லை. 38-ஐத் தாண்டவும் இல்லை. புது மனு ஒரே பக்கம். முதல் வரியிலேயே கோரிக்கை: "காலை 8.35-க்குப் புறப்படும் பேருந்தை 8.20-க்கு எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். புதுப் பேருந்தோ கூடுதல் நடையோ தேவையில்லை." அடுத்து எண்ணிக்கை. அப்புறம் பால் ஊற்றும் பெண்களுக்கு இடைஞ்சல் வராது என்பதும், அவர்கள் பதினேழு பேரின் கையெழுத்தும். பணியாளர்களின் சாப்பாட்டு நேரம் எங்கே கிடைக்கும் என்பது. உணர்ச்சிக்கு ஒரு வரி விட்டுவைத்தேன். எங்கள் ஊரில் கல்லூரிக்குப் போகும் முதல் தலைமுறைப் பெண்கள் நாங்கள் என்ற வரி. அது உண்மை, எண்ணிக்கைக்குப் பின்னால் வந்தது, அதனால் அழுகையாக ஒலிக்கவில்லை. உணர்ச்சியே கூடாது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். சான்று நிற்கவேண்டிய இடத்தில் உணர்ச்சியை நிறுத்தாமல் இருந்தால் போதும்.

கிளை மேலாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நிதானமாகப் படித்தார். மறுபடி ஒருமுறை படித்தார். கீழே கையெழுத்துகளை விரலால் எண்ணினார்.

"சனிக்கிழமை?" என்று கேட்டார்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு சனி விட்டு ஒரு சனி எங்களுக்குக் கல்லூரி உண்டு. எண்ணவில்லை.

"சனிக்கிழமை கணக்கு எடுக்கல சார்" என்றேன்.

"சரிம்மா, பாக்குறேன்" என்றார்.

அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து, திங்கள் முதல் வெள்ளி வரை பஸ் 8.35-க்கு எங்கள் நிறுத்தத்துக்கு வந்தது. சனிக்கிழமை பழைய நேரம். அந்த வாரச் சனிக்கிழமை காலை நானும் தோழியும் ஆளுக்கொரு நோட்டோடு எட்டரைக்கே நிறுத்தத்தில் போய் நின்றோம்.